மூன்று வயதுக் குழந்தைக்கு நேர்காணல் எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அடுத்த கல்வியாண்டின் எல்.கே.ஜி. சேர்க்கைக்கான விண்ணப்பங்களைத் தனியார் பள்ளிகள் பல, நடப்பு ஆண்டின் அரையாண்டு விடுமுறை முடிவதற்குள்ளாகவே கொடுக்கத் தொடங்கிவிடுகின்றன. விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து கொடுக்கும் பெற்றோருக்கு ஒரு நாளும் நேரமும் குறித்துத் தரப்படுகின்றன. அன்று தாய், தந்தை, குழந்தை மூவரும் பள்ளிக்கு வர வேண்டும். குழந்தையிடம் பெயர் கேட்பார்கள், நிறங்களைக் கேட்பார்கள், எண்களை வரிசையாகச் சொல்லச் சொல்வார்கள், அட்டைகளைக் காட்டிப் படங்களின் பெயர் கேட்பார்கள். பெற்றோரிடம் படிப்பும் வேலையும் வருமானமும் விசாரிக்கப்படும். சில நாட்கள் கழித்து, இடம் உண்டு அல்லது இல்லை என்ற செய்தி கைப்பேசிக்கு வரும். மூன்று வயதுக் குழந்தையை இவ்வாறு சோதித்துச் சேர்ப்பதும் சேர்க்க மறுப்பதும் தவறு என்பதையும், அதைத் தமிழ்நாடு அரசு வெளிப்படையான ஆணை ஒன்றின் மூலம் நிறுத்த வேண்டும் என்பதையும் வலியுறுத்தவே இக்கடிதத்தை எழுதுகிறேன். கும்பகோணத்தை அடுத்த ஒரு சிற்றூரில், அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளியில், பெரும்பாலும் ஒன்றாம் வகுப்பிலேயே பாடம் நடத்தித் தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவள் நான். முதன்முதலாகப் பள்ளிக்கு வரும் குழந்தைகளை ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் அருகிருந்து பார்த்தவள் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

என் தலைமுறையினர் பலர் பள்ளியில் சேர்ந்த விதம் இளைய வாசகர்களுக்கு வியப்பாக இருக்கலாம். வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார் தலைமையாசிரியர். விரல் காதைத் தொட்டால் பெயரைப் பதிவேட்டில் எழுதிக்கொள்வார். எட்டாவிட்டால், "அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவார். பிறப்புச் சான்றிதழ் அரிதாக இருந்த கிராமங்களில் வயதை ஊகிக்க அவருக்கு இருந்த வழி அதுதான். சிறு குழந்தைக்குத் தலை பெரிது, கை குட்டை. ஆறு வயதை ஒட்டித்தான் கை நீண்டு, தலையைச் சுற்றிக் காதை எட்டும் என்பதால் அந்த வழியில் ஓரளவு நியாயமும் இருந்தது. பிறந்த தேதி தெரியாத பிள்ளைக்குப் பள்ளி திறக்கும் காலத்தையொட்டி ஒரு தேதியை அவரே எழுதிவிடுவார். அந்தத் தேதியைப் பிறந்த நாளாகக் கொண்டு அரசுப் பணியில் சேர்ந்து, அந்தத் தேதிப்படியே ஓய்வும் பெற்றவர்கள் நம் ஊர்களில் ஏராளம்.

அந்த முறை திரும்ப வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சத்துக் குறைவால் வளர்ச்சி தாமதப்பட்ட பிள்ளைகளை அது தேவையின்றி ஓராண்டு வீட்டில் இருத்தியிருக்கும். ஆனாலும் அது கேட்டது வயதை மட்டுமே. தாய்க்கு ஆங்கிலம் தெரியுமா, தந்தை எங்கே வேலை பார்க்கிறார், வீடு சொந்தமா வாடகையா என்று அது கேட்கவில்லை. ஒரு குழந்தையை இன்னொரு குழந்தையோடு ஒப்பிட்டு ஒன்றை ஏற்று மற்றதைத் தள்ளவும் இல்லை. இன்று வயதை அறிய எந்தச் சோதனையும் தேவைப்படவில்லை. 2023 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்த பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத் திருத்தத்தின்படி, அந்நாள் முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையில் பிறப்புச் சான்றிதழே வயதுக்கு ஆதாரம். அந்தக் குழந்தைகள் 2027 ஜூனில் எல்.கே.ஜி. வகுப்புக்கு வரப்போகிறார்கள். வயது ஐயமின்றித் தெரிந்த பிறகும் சோதனை தொடர்கிறது என்றால், பள்ளிக்கு வசதியான குழந்தையையும் வசதியான குடும்பத்தையும் பொறுக்கி எடுப்பதைத் தவிர அதற்கு வேறு நோக்கம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இதைக் கண்டித்தவர்கள் முன்னரும் உண்டு. பேராசிரியர் யஷ்பால் தலைமையிலான குழு, பள்ளிப் பிள்ளைகளின் கல்விச் சுமை குறித்து 1993-இல் மத்திய அரசுக்கு அளித்த அறிக்கையில், நர்சரி வகுப்பில் சேர்க்கத் தேர்வும் நேர்காணலும் நடத்தும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. எழுத்தையும் வாசிப்பையும் எண்களையும் முறைசார்ந்த பாடமாக மழலைகள் மீது திணிப்பதை வன்முறை என்றே அது குறிப்பிட்டது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அந்தப் பரிந்துரையின் உணர்வைத் தன் 13-ஆம் பிரிவில் ஏற்றுக்கொண்டது. குழந்தையையோ பெற்றோரையோ சேர்க்கைக்காக எந்த வடிகட்டலுக்கும் உட்படுத்தக் கூடாது என்றும், மீறும் பள்ளிக்கு முதல் முறை 25,000 ரூபாய் வரையிலும், அதன் பிறகு ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரையிலும் அபராதம் என்றும் அந்தப் பிரிவு கூறுகிறது. குலுக்கல் போன்ற வாய்ப்பு முறையைத் தவிர, ஒரு குழந்தைக்கு மற்றொரு குழந்தையைவிட முன்னுரிமை தரும் எந்த முறையும் வடிகட்டல்தான் என்று சட்டமே வரையறுத்தும் இருக்கிறது.

இவ்வளவு தெளிவாக எழுதப்பட்ட சட்டம் இருந்தும் எல்.கே.ஜி. வாசலில் நேர்காணல் நடப்பதற்குக் காரணம், அதே சட்டம் 'குழந்தை' என்பதற்கு ஆறு முதல் பதினான்கு வயது வரை உள்ளவர் என்று பொருள் வகுத்திருப்பதுதான். மூன்று வயதில் பள்ளிக்கு வருகிறவர் அந்தச் சட்டத்தின் கண்ணில் இன்னும் குழந்தையாகவில்லை. 2013 பிப்ரவரியில் இந்தக் கேள்வி டெல்லி உயர் நீதிமன்றத்தின் முன் வந்தபோது, நலிந்த பிரிவினருக்கான 25 விழுக்காடு இடங்களைத் தவிர, கல்வி உரிமைச் சட்டம் நர்சரி சேர்க்கைக்குப் பொருந்தாது என்று தலைமை நீதிபதி டி. முருகேசன் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. ஆனால் அந்தத் தீர்ப்போடு, நர்சரி வகுப்புக்கும் இந்தச் சட்டத்தை விரிவுபடுத்துவது பற்றி அரசு சிந்திக்க வேண்டிய வேளை வந்துவிட்டது என்ற கருத்தையும் அமர்வு சேர்த்தே சொன்னது. பின்னாளில் தமிழ்நாட்டின் மாநிலக் கல்விக் கொள்கையை வகுக்க அமைக்கப்பட்ட குழுவுக்குத் தலைமை ஏற்றவரும் அதே நீதியரசர் முருகேசன்தான். சட்டத்தில் உள்ள ஓட்டை எங்கே இருக்கிறது என்பது நம் அரசுக்குத் தெரியாத செய்தியாக இருக்க முடியாது. பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. தனியார் பள்ளிகளுக்கு அங்கீகாரம் அளிப்பதும் புதுப்பிப்பதும் மாநில அரசின் கையில் இருக்கும்போது, மழலையர் வகுப்புச் சேர்க்கையில் சோதனை கூடாது என்பதை அங்கீகாரத்தின் நிபந்தனையாக வைப்பதற்கு அரசுக்கு வேண்டியது மனம் மட்டுமே.

சோதிக்காமல் சேர்த்தால் வகுப்பு நடத்த முடியாது என்று சில பள்ளி நிர்வாகிகள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அவர்களுடைய வகுப்பறைகளே அதற்கு மறுமொழி. கல்வி உரிமைச் சட்டப்படி சிறுபான்மையினர் அல்லாத தனியார் பள்ளிகள் தங்கள் தொடக்க வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்க வேண்டும். தமிழ்நாட்டில் பெரும்பாலான பள்ளிகளுக்குத் தொடக்க வகுப்பு எல்.கே.ஜி. என்பதால் அந்த இடங்கள் எல்.கே.ஜி.யிலேயே நிரப்பப்படுகின்றன, இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல் நடக்கிறது. அதாவது ஒரே வகுப்பில் நான்கில் ஒரு பங்கு குழந்தைகள் எந்தச் சோதனையும் இல்லாமல் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்; மீதி மூன்று பங்கினர் சோதிக்கப்பட்டு வந்திருக்கிறார்கள். ஒரே ஆசிரியை அவர்கள் எல்லோருக்கும் ஒரே பாட்டைச் சொல்லித் தருகிறார். நால்வரில் ஒருவருக்குத் தேவைப்படாத சோதனை மற்ற மூவருக்கு மட்டும் எப்படி இன்றியமையாததாகிறது என்பதை அந்த நிர்வாகிகள் விளக்க வேண்டும்.

சென்ற சேர்க்கைக் காலத்தில், எங்கள் தெருவில் குடியிருக்கும் ஒரு இளம் தாய் துணைக்கு அழைத்ததால், அத்தகைய நேர்காணல் ஒன்றுக்கு நானும் உடன் சென்றேன். பள்ளியின் பெயர் வேண்டாம். எல்லா நகரங்களிலும் அதைப் போன்ற பள்ளி உண்டு. பையனுக்கு அப்போது மூன்று வயதுகூட நிறையவில்லை. காத்திருந்த இடத்தில் முக்கால் மணி நேரம் ஓடியாடிக் களைத்த பிறகுதான் உள்ளே அழைத்தார்கள். மேசைக்கு அப்பால் இருந்த இருவரும் அவனுக்கு முன்பின் தெரியாதவர்கள். அவர்கள் பேசியது அவன் வீட்டில் பேசாத மொழி. பெயரை ஆங்கிலத்தில் கேட்டார்கள்; அவன் தாயின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அட்டையில் இருந்த நிறத்தை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னார்கள்; அவன் அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தான், பின்னால் ஒன்றும் இல்லை என்று கண்டதும் மேசை மேல் வைத்துவிட்டான். ஒரு பொருளின் மறுபக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது அந்த வயதில் எவ்வளவு நல்ல அறிகுறி என்பதைச் சிறு பிள்ளைகளோடு பழகிய எவரும் அறிவர். அங்கே இருந்தவர்களின் படிவத்தில் அதற்கான கட்டம் இல்லை. குழந்தை இன்னும் பள்ளிக்குத் தயாராகவில்லை என்றும், தங்கள் பள்ளியிலேயே ப்ரீ.கே.ஜி.யில் ஓராண்டு சேர்த்தால் அடுத்த முறை பரிசீலிக்கலாம் என்றும் சொல்லி அனுப்பினார்கள். ப்ரீ.கே.ஜி.க்குக் கட்டணம் தனி. திரும்பும்போது பேருந்து நிலையத்தில், முகப்பில் இளஞ்சிவப்பு வண்ணம் பூசிய நகரப் பேருந்தைக் காட்டி, அதுதான் பாட்டி ஊருக்குப் போகும் பஸ் என்றும், பக்கத்தில் நின்ற பச்சைப் பேருந்து போகாது என்றும் அவன் எங்களுக்குச் சொன்னான். அந்தத் தாய் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. மகனுக்கு ஏதோ குறை இருக்கிறது என்ற எண்ணம் அதற்குள் அவர் மனத்தில் விழுந்துவிட்டது.

மூன்று வயதுக் குழந்தை புதிய இடத்தில், புதிய மனிதர் முன்னால் வாய் திறக்காமல் இருப்பது இயல்பு. நேற்று சொன்னதை இன்று சொல்லாது. இன்று காலையில் சொன்னதை மாலையில் சொல்லாது. தூக்கம் வந்தால் சொல்லாது, பசித்தால் சொல்லாது. இவ்வளவு ஏற்ற இறக்கம் உள்ள ஒன்றைப் பத்து நிமிடத்தில் அளந்து, அந்த அளவை ஓர் ஆண்டுக்கான தீர்ப்பாக்குவது அளவை முறைக்கே ஒவ்வாதது. ஆய்வுகளும் இதையே காட்டுகின்றன. பள்ளிக்கு முந்தைய வயதில் குழந்தைகளிடம் நடத்தப்பட்ட மதிப்பீடுகள், அவர்கள் முதல் இரண்டு வகுப்புகளில் எப்படிக் கற்கிறார்கள் என்பதை எந்த அளவுக்கு முன்கூட்டிச் சொல்கின்றன என்று பார்க்க, அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் பல தொடர் ஆய்வுகளைத் தொகுத்து 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். அறிவு சார்ந்த மதிப்பீடுகளால்கூடக் குழந்தைகளுக்கிடையே பின்னர் தெரியும் வேறுபாட்டில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கைத்தான் விளக்க முடிந்தது. பழகும் விதம், நடத்தை பற்றிய மதிப்பீடுகளால் பத்தில் ஒரு பங்கைக்கூட விளக்க முடியவில்லை. பயிற்சி பெற்றவர்கள் முறையான கருவிகளைக் கொண்டு அளந்ததன் நிலையே இது. அட்டையைக் காட்டி நிறம் கேட்பதன் நிலையை நான் சொல்லத் தேவையில்லை.

இதில் பிறந்த மாதத்துக்கு இருக்கும் பங்கைப் பெற்றோர் பலர் கவனிப்பதில்லை. தமிழ்நாட்டில் எல்.கே.ஜி.க்கு ஜூலை 31 அன்று மூன்று வயதும், ஒன்றாம் வகுப்புக்கு அதே நாளில் ஐந்து வயதும் நிறைந்திருக்க வேண்டும். ஆகவே ஒரு வகுப்பில் ஓர் ஆண்டின் ஆகஸ்ட் முதல் தேதி பிறந்த குழந்தையும், அடுத்த ஆண்டின் ஜூலை 31 அன்று பிறந்த குழந்தையும் அருகருகே அமர்கிறார்கள். இருவருக்கும் இடையே ஏறத்தாழ முழு ஓர் ஆண்டு வேறுபாடு. பத்தாம் வகுப்பில் அந்த ஓராண்டு ஒரு பொருட்டில்லை. மூன்று வயதில் அது வாழ்ந்த காலத்தில் மூன்றில் ஒரு பங்கு. அந்த ஓராண்டில் சொற்கள் பெருகுகின்றன, வாக்கியம் உருவாகிறது, பொத்தானைப் போடவும் வரிசையில் நிற்கவும் குழந்தை கற்றுக்கொள்கிறது. டிசம்பரிலோ ஜனவரியிலோ நேர்காணல் நடக்கும்போது ஜூலையில் பிறந்த குழந்தைக்கு இரண்டரை வயதுதான் ஆகியிருக்கும். அங்கே அறிவு அளக்கப்படுவதாகப் பெற்றோர் நம்புகிறார்கள்; பெருமளவுக்கு அளக்கப்படுவது பிறந்த தேதிதான், அது விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது.

இந்த வேறுபாட்டைக் குழந்தையின் குறையாகப் படித்துவிடும் ஆபத்து கல்வி வளர்ந்த நாடுகளிலும் உண்டு. செப்டம்பர் 1-ஐ வயது வரம்பு நாளாகக் கொண்ட அமெரிக்க மாநிலங்களில், வகுப்பிலேயே மிக இளையவர்களான ஆகஸ்ட் மாதக் குழந்தைகளுக்குக் கவனக்குறைவு, மிகைச் செயல்பாட்டுக் கோளாறு இருப்பதாக மருத்துவர்கள் முடிவு செய்யும் விகிதம், மிக மூத்தவர்களான செப்டம்பர் மாதக் குழந்தைகளைவிட 34 விழுக்காடு கூடுதலாக இருந்தது என்று 2018-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு காட்டியது. அந்த வரம்பு நாள் இல்லாத மாநிலங்களில் இந்த இரு மாதத்தாருக்கும் இடையே அத்தகைய வேறுபாடு காணப்படவில்லை. நோய் ஆகஸ்ட் மாதத்தில் பிறப்பதில்லை. தன்னைவிட ஏறக்குறைய ஒரு வயது மூத்தவர்களோடு ஒப்பிடப்பட்டதால் ஒரு சிறு பிள்ளை நோயாளி ஆக்கப்படுகிறது. என் வகுப்பிலும் ஜூன், ஜூலையில் பிறந்த பிள்ளைகள் முதல் பருவத்தில் தடுமாறுவதையும், இரண்டாம் வகுப்பு முடியும் முன் பெரும்பாலோர் மற்றவர்களோடு சேர்ந்துவிடுவதையும் பார்த்திருக்கிறேன். நடுவில் யாராவது ஒருவர் அந்தப் பிள்ளையை மந்தம் என்று சொல்லிவிட்டால் மட்டும் சேர்வது கடினமாகிவிடும்.

வயதைப் பற்றிப் பேசும்போது, ஒன்றாம் வகுப்புக்கு ஐந்தா ஆறா என்ற விவாதத்தையும் தொடாமல் இருக்க முடியாது. ஆறு வயது என்பது 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையில் திடீரென முளைத்ததன்று; கோத்தாரி ஆணையம் 1966-இலேயே அதைப் பரிந்துரைத்திருக்கிறது. மத்திய அரசு மாநிலங்களுக்கு இதை மீண்டும் மீண்டும் எழுதிவருகிறது. கேந்திரிய வித்யாலயா பள்ளிகள் 2022-23 முதல் ஆறு வயதுக்கு மாறிவிட்டன. கர்நாடக அரசு ஆறு வயது என்று அறிவித்து, பெற்றோரின் எதிர்ப்புக்குப் பிறகு 2025-26-க்கு மட்டும் ஐந்து வயது ஐந்து மாதம் எனத் தளர்த்தியது. தமிழ்நாட்டில் நீதியரசர் முருகேசன் குழு ஐந்து வயதே போதும் என்று பரிந்துரைத்தது. என் கருத்தைக் கேட்டால், எல்லாக் குழந்தைகளுக்கும் வயதை ஓராண்டு தள்ளிவைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். வசதியுள்ள வீட்டுக் குழந்தைக்கு அந்த ஓராண்டு இன்னொரு நல்ல மழலையர் வகுப்பாகும். செங்கல் சூளையிலும் வயலிலும் வேலைக்குப் போகும் பெற்றோரின் குழந்தைக்கு அது பெரும்பாலும் வெறும் ஓராண்டாகவே போகும். மூத்த வயதில் சேரும் குழந்தைக்குத் தொடக்கத்தில் தெரியும் முன்னேற்றத்தில் பெரும்பகுதி, அதற்கு முந்தைய ஆண்டில் வீட்டில் அது என்ன பெற்றது என்பதிலிருந்து வருவது. வீட்டில் புத்தகமும் பேச்சும் இல்லாத குழந்தைக்கு வயது மட்டும் கூடி என்ன பயன்?

ஆனால் வரம்பு நாளுக்கு மிக அருகில் பிறந்த குழந்தைக்கு விதிவிலக்கு இருக்கலாம், இருக்கவும் வேண்டும். ஸ்காட்லாந்தில், பள்ளி தொடங்கும் நாளில் ஐந்து வயது நிறையாத குழந்தையின் சேர்க்கையைப் பெற்றோர் விரும்பினால் ஓராண்டு தள்ளிவைக்கலாம்; 2023 ஆகஸ்ட் முதல் அந்தக் கூடுதல் ஆண்டின் முன்பள்ளிக்கான செலவையும் அரசே ஏற்கிறது. முடிவு பெற்றோருடையது, செலவு அரசுடையது, சோதனை யாருக்கும் இல்லை. மே, ஜூன், ஜூலை மாதங்களில் பிறந்த குழந்தைகளுக்கு அதுபோன்ற ஓர் உரிமையைத் தமிழ்நாடும் வழங்கலாம். நேர்காணலில் தள்ளப்பட்டுக் காத்திருப்பதற்கும், பெற்றோரே யோசித்து ஓராண்டு பொறுத்திருப்பதற்கும் குழந்தையின் மனத்திலும் குடும்பத்தின் மனத்திலும் பெரிய வேறுபாடு உண்டு.

சேர்ந்த பிறகு நடப்பது சேர்க்கையைவிட முக்கியமானது. எல்.கே.ஜி. குழந்தையின் பையில் நான்கு கோடு நோட்டும் கட்டம் போட்ட நோட்டும் இருக்கின்றன, மாலையில் வீட்டுப்பாடம் இருக்கிறது, யு.கே.ஜி.யில் பருவத் தேர்வும் மதிப்பெண்ணும் சில இடங்களில் தரவரிசையும் இருக்கின்றன. மணிக்கட்டில் உள்ள எட்டுச் சிறு எலும்புகள் பிறக்கும்போது வெறும் குருத்தெலும்புகள். அவை ஒவ்வொன்றாக இறுகிப் பத்து, பன்னிரண்டு வயது வரை வளர்கின்றன. பென்சிலை மூன்று விரல்களால் பிடித்து விரல்களை மட்டும் அசைத்து எழுதும் பிடி பெரும்பாலான குழந்தைகளுக்கு நான்கு வயதுக்குப் பிறகுதான் கைகூடுகிறது. களிமண் பிசையவும் மணி கோக்கவும் மணலில் கோடு இழுக்கவும் வேண்டிய விரல்களுக்கு நாம் ஒரு பக்கம் முழுக்க ஒரே எழுத்தை எழுதும் வேலையைத் தருகிறோம். 2022-இல் வெளியான அடித்தள நிலைக்கான, அதாவது மூன்று முதல் எட்டு வயது வரைக்கான, தேசியக் கலைத்திட்டச் சட்டகம் இந்த வயதுக்குத் தேர்வுகள் முற்றிலும் பொருந்தாதவை என்றும், ஆசிரியர் குழந்தையைக் கூர்ந்து நோக்குவதும் அது வரைந்ததையும் செய்ததையும் சேகரித்துப் பார்ப்பதுமே மதிப்பீடு என்றும் தெளிவாகச் சொல்கிறது. தேசியக் கல்விக் கொள்கையோடு வேறு பலவற்றில் உடன்படாதவர்களும் இந்த ஒன்றில் உடன்படத் தடையில்லை.

நம் அங்கன்வாடிகள் இந்த வகையில் பல தனியார் நர்சரிகளைவிடச் சரியான திசையில் இருக்கின்றன என்பதை மக்கள் அறிய வேண்டும். 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ் தமிழ்நாட்டில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள் இயங்குகின்றன. 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்ற அவற்றின் பாடத்திட்டம் பாட்டையும் கதையையும் விளையாட்டையும் அடிப்படையாகக் கொண்டது. குறை அங்கும் உண்டு. ஒரே பணியாளர் எடை பார்க்கவும் பதிவேடு எழுதவும் வீடு வீடாகப் போகவும் வேண்டியிருப்பதால், பாட்டுக்கும் கதைக்கும் அவருக்கு நேரம் மிஞ்சுவதில்லை. 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டபோது, பெற்றோர் ஆர்வத்தோடு சேர்த்தார்கள். 2022-இல் அவை நிறுத்தப்படும் என்ற செய்தி வந்து, எதிர்ப்பு எழுந்து, தொடரும் என்று அறிவிக்கப்பட்டது. அந்த எதிர்ப்பிலிருந்தே மக்களின் தேவை எவ்வளவு என்பது விளங்கும். அசாம், ராஜஸ்தான், தெலங்கானா ஆகிய மாநிலங்களில் சுமார் 14,000 குழந்தைகளை நான்கு வயது முதல் எட்டு வயது வரை தொடர்ந்து கவனித்து 2017-இல் வெளியிடப்பட்ட ஆய்வும், முன்பள்ளி அரசுடையதா தனியாருடையதா என்பதைவிட உள்ளே வயதுக்கேற்ற செயல்கள் நடக்கின்றனவா என்பதே பின்னால் பயன் தருகிறது என்று கண்டது.

சிறு குழந்தைகளை மதிப்பிடவே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் எண்ணிவிடக் கூடாது. மூன்று வயதில் கட்டாயம் பார்க்க வேண்டியவை உண்டு. கூப்பிட்டால் திரும்பாத குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். படத்தை மூக்கருகே வைத்துப் பார்க்கும் குழந்தைக்குக் கண்ணைச் சோதிக்க வேண்டும். மூன்று வயதாகியும் இரண்டு மூன்று சொற்களைச் சேர்த்துப் பேசாத குழந்தையையும், மற்றவர் முகத்தைப் பார்க்காமல் தனக்குள்ளேயே இருக்கும் குழந்தையையும் குழந்தை நல மருத்துவரிடம் காட்ட வேண்டும். இதைச் செய்ய 2013 முதல் ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்திய காரியக்ரம் என்ற, குழந்தைகளின் உடல்நலத்தைச் சோதிக்கும் மத்திய அரசுத் திட்டம் இருக்கிறது. அதன் நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறையும் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு ஒருமுறையும் சென்று, பிறவிக் குறைபாடு, சத்துக் குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் ஆகிய நான்கையும் பார்க்கின்றன. தேவைப்படும் குழந்தைகளை மாவட்ட அளவிலான ஆரம்பநிலை இடையீட்டு மையங்களுக்கு அனுப்புகின்றன. சாதாரணக் கட்டணம் வாங்கும் சிறு நர்சரியில் படிக்கும் கூலித் தொழிலாளியின் குழந்தை இந்த வலைக்குள் வருவதில்லை. அந்தக் குழந்தைக்கு வாய்க்கும் ஒரே மதிப்பீடு அந்த நேர்காணல்தான். அங்கே காது கேளாமை பதில் சொல்லத் தெரியாமையாக எழுதப்படுகிறது, உதவி மிகவும் தேவைப்படும் குழந்தை முதலில் வெளியே அனுப்பப்படுகிறது. என்னை மிகவும் வருத்துவது இதுதான். உள்ளே எடுத்துக்கொண்ட பிறகு, உதவுவதற்காகப் பார்ப்பதே மதிப்பீடு. அதைத் தனியார் மழலையர் வகுப்புகளுக்கும் நடமாடும் குழுக்கள் சென்று செய்யும்படி பள்ளிக் கல்வித் துறையும் மக்கள் நல்வாழ்வுத் துறையும் சேர்ந்து ஏற்பாடு செய்ய வேண்டும்.

ஆகவே தங்கள் நாளிதழின் வாயிலாக அரசுக்கு நான் வைக்கும் வேண்டுகோள் இது. எல்.கே.ஜி. முதல் ஒன்றாம் வகுப்பு வரை எந்தச் சேர்க்கையிலும் குழந்தையையோ பெற்றோரையோ சோதிக்கக் கூடாது என்றும், இடத்தைவிட விண்ணப்பம் மிகுந்தால் பெற்றோர் முன்னிலையில் குலுக்கல் மட்டுமே நடத்த வேண்டும் என்றும், மழலையர் வகுப்பில் எழுத்துத் தேர்வும் தரவரிசையும் கூடாது என்றும் தனியார் பள்ளிகள் இயக்குநரகம் அடுத்த சேர்க்கைக் காலம் தொடங்கும் முன் ஆணையிட வேண்டும். ஆணையை ஒவ்வொரு பள்ளியின் வாசலிலும் தமிழில் எழுதி ஒட்டச் செய்ய வேண்டும். அப்போதுதான் ஆங்கிலம் தெரியாத தாயும் அதைச் சுட்டிக்காட்டிக் கேட்க முடியும். இதற்கிடையே, நேர்காணலுக்கு அழைக்கும் குறுஞ்செய்தியும் குழந்தை தயாராகவில்லை என்று சொல்லும் குறுஞ்செய்தியும் பெற்றோருக்கு வந்தால், அவற்றை அழித்துவிடாமல் பாதுகாத்து, எழுத்து மூலமான புகாரோடு தங்கள் மாவட்டத்தின் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலருக்கு அனுப்பி, ஒப்புகைச் சீட்டையும் கேட்டு வாங்கிவைத்துக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை,
கும்பகோணம்.